குளிர் பிளாஸ்மா பட்டால் தோல் புதிதாக வளருமா?

பிளாஸ்மாவைக் காட்டித் தோலை வளர வைக்கிறார்களே, அது சுடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சுடாது. இது இரத்த பிளாஸ்மா இல்லை, மின்சாரத்தால் அயனியான வாயு, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வாயு. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரில் உருவான கின்பென் கருவியைப் பாருங்கள்: பேனா மாதிரி இருக்கும், ஆர்கான் வாயு உள்ளே போகும், நுனியில் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய சுடர் வரும், விரலில் பட்டாலும் இளஞ்சூடுதான், ஏனென்றால் அதில் எலக்ட்ரான்கள்தான் கொதிக்கின்றன, கனமான அணுக்கள் அவ்வளவாகச் சூடாவதில்லை.

அந்தச் சுடர் காற்றோடு கலக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை உண்டாகின்றன. அளவோடு பட்டால் தோல் செல்கள் அதை ஒரு லேசான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு தற்காப்பைக் கூட்டி, பெருகி, நகர்ந்துபோய்ப் புண்ணை மூடப் பார்க்கும், கிருமிகளும் சாகும். அளவு மீறினால் செல்லே செத்துவிடும், அதனால் எவ்வளவு நேரம் காட்டுகிறோம் என்பது ரொம்ப முக்கியம். 2020இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்கள் இதனால் வேகமாகச் சுருங்கின.

அப்புறம், அழகு நிலையங்களில் இருக்கும் பிளாஸ்மா பேனா வேறு. அது மின்பொறியால் தோலைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கறுப்புத் தழும்பு தங்கிவிடலாம், தோல் மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து முகத்தைக் கொடுக்காதீர்கள்.