மீன் தொட்டியில் கிளையும் சருகும்: கேட்டவர்களுக்குப் பதில்

என் வீட்டு மூன்றடித் தொட்டியில் கலர் கல்லும் இல்லை, பிளாஸ்டிக் செடியும் இல்லை. ஒரு கொய்யாக் கிளை, தரை முழுக்கப் பாதாம் சருகு, டீத்தண்ணி நிறத்தில் தண்ணீர், அதற்குள் மீன்கள். பார்த்தவர்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, பாதாம் இலை என்பது நாம் சாப்பிடும் பாதாம் பருப்பு மரத்தின் இலையா? ஆன்லைனில் கட்டு கட்டாக விற்கிறார்கள், வாங்கட்டுமா? (திருச்சி)

அந்தப் பருப்பு மரம் வேறு தம்பி. இது நாட்டு வாதுமை, அறிவியல் பெயர் டெர்மினாலியா கட்டப்பா. கிளைகள் குடை குடையாக அடுக்கு விட்டு விரியும், பெரிய இலைகள் சிவந்து உதிரும். சின்ன வயதில் இதன் கொட்டையைக் கல்லால் உடைத்துத் தின்றிருப்பீர்கள், அதே மரம்தான். நம் ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கும் மரத்தின் இலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் பொறுக்கும் இடம் முக்கியம். கொசு மருந்துப் புகை அடிக்கும் தெரு, சாக்கடை ஓரம், பூச்சி மருந்து தெளிக்கும் தோட்டம், இவை வேண்டாம். தெரிந்தவர் வீட்டுக் கொல்லை நல்லது. தானாக உதிர்ந்து, முழுக்கப் பழுப்பாகி, கையில் நொறுங்கும் இலையை மட்டும் எடுங்கள். பச்சை இலையைப் பறித்துக் காயவைத்துப் போடக் கூடாது. அதில் சர்க்கரையும் சாறும் மிச்சம் இருக்கும், தண்ணீர் சீக்கிரம் கெட்டுவிடும்.

எத்தனை இலை போடலாம்? வேகவைக்கணுமா, அப்படியே போடலாமா? (மதுரை)

குழாயில் நன்றாகக் கழுவுங்கள். கொதித்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள், போதும். அழுக்கு போகும், இலையும் கனத்துச் சீக்கிரம் அடியில் படியும். அரை மணி நேரம் வேகவைத்தால், தண்ணீருக்கு டீ நிறம் தரும் டானின் சாறு எல்லாம் பாத்திரத்தோடு போய்விடும்.

40 லிட்டருக்கு ஓர் இலை என்று தொடங்குங்கள். ஒரு வாரம் மீனைக் கவனித்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இந்த அவசரமின்மை ஏன் என்று கடைசிக்கு முந்தின கேள்வியில் புரியும்.

கிளையைத் தொட்டியில் வைத்து ஐந்து நாள் ஆகிறது. மேலெல்லாம் வெள்ளையாகச் சளி மாதிரி படர்ந்திருக்கிறது. பூஞ்சையா? எடுத்து எறிந்துவிடவா சார்? (கோவை)

எறியாதீர்கள்! பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம் அது. புது மரத்தில் இருக்கும் எளிய சர்க்கரையைத் தின்று வளர்கிறது. தீனி தீர்ந்ததும் தானாக மறையும், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்துக்குள். மீனுக்கு அதனால் கெடுதி இல்லை. கண்ணை உறுத்தினால் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள், மறுபடி வரும்.

சின்ன இறால் நாலு வாங்கி விட்டுப் பாருங்கள். முன்கால்களை மாற்றி மாற்றி நீட்டி அந்தப் படலத்தைக் கிள்ளி வாயில் வைக்கும், ஒரு நிமிடம் ஓயாது. சருகு மேலும் அப்படியே. நரம்பை விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் தின்று, ஒரு மாதத்தில் இலையைச் சல்லடை போல ஆக்கிவிடும். அந்த நரம்புக்கூட்டை நான் எடுப்பதே இல்லை, அதன் மேலேயே புது இலையைப் போடுகிறேன்.

பத்து இலை போட்டும் பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8-லேயே நிற்கிறது. தண்ணீர் நன்றாகப் பழுப்பாகிவிட்டது. இலை போலியா? (சென்னை)

இலை நல்ல இலைதான், உங்கள் போர்வெல் தண்ணீரில் கார்பனேட் அதிகம். இலை விடும் அமிலத்தை அது அப்படியே விழுங்கிவிடும். நிறம் மாறியதால் தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், இரண்டும் தனித்தனி. கேஹெச், அதாவது கார்பனேட் அளவைக் காட்டும் சோதனைத் திரவம் வாங்கிப் பாருங்கள். அளவு குறைய வேண்டும் என்றால் ஆர்ஓ தண்ணீரையோ மழைநீரையோ கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் வழி. உங்கள் தண்ணீரிலேயே மீன் நன்றாக இருந்தால் பிஹெச் எண்ணின் பின்னால் ஓடாதீர்கள். ஒளிய இடம், மங்கிய வெளிச்சம், சருகில் பிறக்கும் நுண்ணுயிர்த் தீனி எல்லாம் பிஹெச் 8-லும் கிடைக்கும்.

எந்த மரக் கிளை எடுக்கலாம்? என் கொய்யாக் கிளை இரண்டு வாரமாக மிதக்கிறது. (தஞ்சாவூர்)

கொய்யா அருமையான மரம். கெட்டி, முறுக்கு, விரல் விரலாகப் பிரியும் நுனி. மரத்திலேயே பட்டுப்போன கிளையாக எடுத்து, பட்டையை உரித்து, சில மாதம் நிழலில் காயவைக்க வேண்டும். ஒடித்தால் வளையாமல் 'பட்' என்று முறிய வேண்டும். புளியங்கிளையும் நன்றாக இருக்கும். அரளி, எருக்கு, வேம்பு, யூகலிப்டஸ், பால் வடியும் மரம், பிசின் வடியும் மரம் எதுவும் வேண்டாம். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும், வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும்.

மிதப்பதற்கு இரண்டு வாரம் ஒன்றும் அதிகமில்லை. ஒரு கல் துண்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போட்டு இறுக்கி இறக்கிவிடுங்கள். கடப்பா கல் கையில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், அது சுண்ணாம்புக்கல், தண்ணீரைக் கடினமாக்கும். கிரானைட் துண்டு நல்லது.

தங்கமீன் தொட்டியிலும் இதைச் செய்யலாம் என்று அக்கா சொன்னாங்க, செய்யலாமா? (சேலம்)

அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். தங்கமீன் சருகைக் கிளறித் துண்டாக்கி ஃபில்டரை அடைத்துவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுக்கும் இது ஆகாது, அது கடின நீர் மீன்.

வீட்டில் தண்ணீர் அழுக்காக இருக்கிறது என்கிறார்கள். நிறம் இல்லாமல் சருகு மட்டும் வைக்க முடியுமா? (புதுச்சேரி)

முடியும். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்று வையுங்கள், நிறத்தை உறிஞ்சிவிடும். ஆனால் ஒன்று செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வீட்டாரிடம் காட்டுங்கள். நிறம் இருக்கும், கலங்கல் இருக்காது. அமேசானில் கலக்கும் ரியோ நெக்ரோவின் பெயருக்கே கறுப்பு ஆறு என்றுதான் அர்த்தம். வெள்ளம் ஏறி மாதக்கணக்கில் காட்டுக்குள் தண்ணீர் நிற்கும், உதிர்ந்த இலை எல்லாம் அதில் ஊறும். கார்டினல் டெட்ரா அந்த நீரில் பிறந்த மீன். வெளிச்சமான வெள்ளைத் தொட்டியில் வெளிறிப்போய் மூலையில் நிற்கும் அதே மீன், இந்த நிறத்தில் நீலமும் சிவப்புமாக எரியும்.

இலை போட்ட மறுநாள் காலை எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பயமாக இருக்கிறது. (திருநெல்வேலி)

உடனே ஏர் பம்பைப் போடுங்கள், பாதி இலையை எடுங்கள், கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான். அதிலும் சருகை மக்கவைக்கும் பாக்டீரியா பங்கு கேட்கும். ஒரு மே மாதம் ஒரே நாளில் கை நிறையச் சருகு அள்ளிப் போட்டேன். இரவு ஃபில்டர் நின்றுவிட்டது. காலையில் ஆறு டெட்ரா போய்விட்டன. அன்றிலிருந்து வெயில் காலத்தில் புது இலை ஒன்றுக்கு மேல் போடுவதில்லை.

முதல் தொட்டி, சின்னது, 30 லிட்டர். என்ன மீன் விடலாம்? (யாழ்ப்பாணம்)

ஒற்றை ஃபைட்டர் (பெட்டா) ஆண் மீன் போதும். கிடைத்தால் நம் பக்கத்து மீனையே சொல்வேன்: ஸ்பைக்டெயில் பாரடைஸ், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆழமில்லாத நீரில் வாழ்வது. ஒரு ஜோடி விடுங்கள், மூடி இருக்கட்டும், தண்ணீர் ஓட்டம் மெதுவாக இருக்கட்டும். ஒரு சருகை அடியில் படியவிடாமல் மேலே மிதக்கவிடுங்கள். ஆண் மீன் அந்த இலைக்கு அடியில்தான் நுரைக்கூடு கட்டும். காலையில் விளக்கைப் போடும் முன் குனிந்து பாருங்கள், இலை ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் தெரியும்.