கேளுங்க சொல்றோம்

கேள்வி: அந்தக் காலத்துல வாத்தியார் பிரம்பை எடுத்தாலே கிளாஸ் கப்சிப்னு ஆயிடும், இப்போ கவர்மென்ட் ஸ்கூல்ல சேட்டை பண்ற பசங்கள யாருமே தட்டிக் கேக்கறதில்லையே, ஏன்? — ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கப்சிப்னு ஆச்சு, சரிதான். ஆனா முட்டி போட்டு, கோதண்டம் போட்டு அடி வாங்கினவன்ல எத்தனை பேர் அதோட படிப்பையே விட்டுட்டு பட்டறைக்கும் மாடு மேய்க்கவும் போனான்னு யாரும் கணக்கெடுக்கல, வீட்லயே "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்"னு சொல்லித்தானே கொண்டுவந்து விட்டாங்க!

2010 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 17-வது பிரிவு அடிக்கறதையும் மனசு நோகுற மாதிரி நடத்தறதையும் தடை பண்ணுது, 16-வது பிரிவுப்படி 8-ம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் யாரையும் ஸ்கூலை விட்டு வெளியேத்தவும் முடியாது. அதனால டீச்சர் கையில இப்போ மிச்சம் இருக்கறது பேச்சுதான், இடத்தை மாத்தி உக்கார வைக்கறது, பெத்தவங்களைக் கூப்பிடறது, முத்திப்போனா பள்ளி மேலாண்மைக் குழுல வச்சுப் பேசறது. கூப்பிட்டா வரணுமே, அப்பா திருப்பூர்ல இருப்பாரு, அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல லீவு போட்டா அன்னிக்கு கூலி போச்சு.

என்னைக் கேட்டா, பிரம்பைப் புடுங்கினது நூத்துக்கு நூறு சரி, ஆனா அந்த இடத்துக்கு ஸ்கூலுக்கு பசங்ககிட்ட பேசிப் புரிய வைக்க ஒரு மனநல ஆலோசகரையாவது போட்டிருக்கணும், அதைச் செய்யாம மொத்தத்தையும் டீச்சர் தலையிலயே கட்டிட்டு வேடிக்கை பாக்கறோம்.