யாருக்கும் அதிகம் தெரியாத பழைய ஸ்லாப்ஸ்டிக் (விழுந்து எழுந்து, அடிபட்டு சிரிக்க வைக்கிற) விளையாட்டு காமெடிப் படங்கள்ல அப்படி என்னதான் இருக்கு?

என்னைக் கேட்டா ஒரு விஷயம்தான். விளையாடவே தெரியாதவனா நடிக்கணும்னா உடம்பு, ஒரு விளையாட்டு வீரனோட உடம்பை விட நல்லா சொன்ன பேச்சு கேக்கணும். இந்தப் படங்கள்ல அது கண்ணு முன்னாடி நடக்கும்.

ஊமைப்பட காலத்து ஹாலிவுட் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனோட 'காலேஜ்' (1927) எடுத்துக்கோங்க. புத்தகப்புழுப் பையன் ஒருத்தன் காதலிக்காக கிரவுண்டுல இறங்குறான், எதுவும் வரல. தடை ஓட்டத்துல ஒவ்வொரு தடையா தட்டிவிட்டுக்கிட்டே ஓடுவான், கடைசி ஒண்ணு மட்டும் விழாம நிக்கும், திரும்பிப் பார்த்துட்டு அதையும் தள்ளிவிட்டுட்டுப் போவான். பார்க்க தத்தக்கா பித்தக்கான்னு இருக்கும், ஆனா ஒவ்வொரு அடியும் அளந்து வெச்சது. கிளைமாக்ஸ்ல கம்பை ஊணி மாடி ஜன்னலுக்குள்ள பாயுறது மட்டும் அவர் இல்ல, டூப். அந்த டூப் யார்னா 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல போல் வால்ட் தங்கம் வாங்கின லீ பார்ன்ஸ்! கீட்டனுக்கு டூப் போட ஒலிம்பிக் சாம்பியனே வரவேண்டியிருந்துச்சுன்னா பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, விளையாட்டுன்னாலே விதி இருக்கும், அதனால யார் எதை மீறுறான்னு வசனமே இல்லாம புரிஞ்சிடும். 'சிட்டி லைட்ஸ்' (1931) பாக்ஸிங்ல சாப்ளின் ரெஃப்ரி முதுகுக்குப் பின்னாடியே ஒளிஞ்சு ஒளிஞ்சு வருவார், மூணு பேரும் சேர்ந்து டான்ஸ் ஆடுற மாதிரி ஆயிடும், பாக்ஸிங் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க கூட சிரிப்பாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'தி கேமராமேன்' (1928). மேட்ச் இல்லாத நாள்ல கீட்டன் நியூயார்க்ல இருக்கிற பேஸ்பால் மைதானமான யாங்கீ ஸ்டேடியத்துக்குப் போயிடுவார், ஒரு ஈ காக்கா கிடையாது, அவரே பந்து போட்டு அவரே அடிச்சு அவரே ஓடுவார். பந்தும் இல்ல பேட்டும் இல்ல, ஆனா முழு ஆட்டமும் நமக்குத் தெரியும். பேஸ்பால் விதி அரைகுறையா தெரிஞ்ச எனக்கே மூச்சு நின்னு போச்சு, இதுக்கு மேல நடிப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியல.

பேசும் படம் வேணும்னா 'மில்லியன் டாலர் லெக்ஸ்' (1932), திவாலான ஒரு கற்பனை நாடு ஒலிம்பிக்ஸுக்குப் போற கதை, காமெடி நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் அந்த நாட்டு ஜனாதிபதியா வருவார், சுத்தப் பைத்தியக்காரத்தனம். அதிகம் பேர் பேசாத படம், கட்டாயம் பாருங்க.

பார்க்க ஆரம்பிக்கிறீங்கன்னா ஒண்ணு மட்டும், நெட்ல கிடைக்கிற தேஞ்ச, வேகம் தப்பா ஓடுற பிரிண்ட்ல பாக்காதீங்க. ஊமைப் படத்தைத் தப்பான வேகத்துல ஓட்டினா டைமிங் மொத்தமா போயிடும். சரிபண்ணின பிரிண்ட் தேடிப் பிடிச்சு முதல்ல 'காலேஜ்' பாருங்க.