புது டேக்கிளை இப்போதே கைவிட வேண்டாம்

டேக்கிள் என்றால் பந்து எறிபவரைக் காக்கும் ஓரத்துத் தடுப்பாளர். கல்லூரியில் அசையாமல் நின்ற பையன் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்குக்கு வந்ததும் சாக் மேல் சாக் விடுகிறான் (எதிராளி அவனைத் தாண்டிப் போய் பந்து எறிபவரை வீழ்த்திவிடுகிறார்), அவனை அணிக்கு எடுத்தது வீணா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை நண்பரே. கல்லூரியில் உடல்பலத்தாலேயே ஜெயித்திருப்பான். இங்கே எதிரில் நிற்பவர் பழம்தின்று கொட்டை போட்டவர். கையைக் கொஞ்சம் முந்தி நீட்டினாலே தட்டிவிட்டு உள்பக்கம் புகுந்துவிடுவார். கால் வைப்பதையும் கை நீட்டும் நேரத்தையும் முதலிலிருந்து பழக வேண்டும். பக்கம் மாற்றினால் இன்னும் கஷ்டம். டெட்ராய்ட் லயன்ஸ் அணி 2021 புதுவீரர் தேர்வில் ஏழாவதாக எடுத்த டேக்கிள் பெனே சூவெல், ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இடதுபக்கம் ஆடியவர். வலதுபக்கம் நிறுத்தியதும் சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் திணறினார். 2023இல் ஆல்-ப்ரோ முதல் அணியில், அதாவது அந்த சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியலில், இருந்தார்! சாக் எண்ணிக்கையை விடுங்கள். இப்போது ஏமாந்த அதே நகர்வுக்கு அடுத்த மாதமும் ஏமாறுகிறானா, அதைப் பாருங்கள்.