சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி தண்டுவடத்தில் படுமா?

கேள்வி: எனக்கு இது ஒன்பதாவது மாதம். குழந்தைக்குத் தலை திரும்பவில்லை, சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலிதான், கால்கூட விளங்காமல் போகலாம் என்கிறார் மாமியார். முழு மயக்கம் கொடுக்கச் சொல்லலாமா?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: வேண்டாம். நிறைமாதத்தில் முழு மயக்கம் கொடுத்தால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. மருத்துவரே காரணம் சொல்லிக் கேட்டால் ஒழிய நீங்களாக அதைக் கேட்காதீர்கள்.

தண்டுவடம் முதுகின் அடிவரை ஓடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. பெரியவர்களுக்கு முதல் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே தண்டுவடம் முடிந்துவிடும். அதற்குக் கீழே, நீர் நிறைந்த உறைக்குள் நரம்பு இழைகள்தான் குதிரை வால் போலத் தொங்கும். ஊசி நுனி வந்தால் அவை பெரும்பாலும் விலகிக் கொடுக்கும். மயக்க மருத்துவர் உங்கள் இரு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்: இரண்டையும் இணைத்தால் கிட்டத்தட்ட நான்காம் எலும்பின் மட்டம் கிடைக்கும். கைக்கணக்கில் ஓர் எலும்பு முன்பின் ஆகலாம் என்பதால், மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலோ அதற்குக் கீழேயோ போடுவார்கள்.

ஊசி போடும்போது முதுகை நன்றாக வளைக்கச் சொல்வார்கள். எலும்புகளுக்கு இடையே வழி திறப்பது அப்போதுதான். காலில் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்றால் துள்ளாமல், எந்தக் கால் என்று உடனே சொல்லுங்கள், ஊசியின் திசையை மாற்றிவிடுவார்கள். ஹிந்தி வராதென்றால், எப்படிச் சைகை காட்டுவது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு வலி? குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். பிறகும் நீடிக்கும் வலி சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் வருகிறது. கர்ப்பத்தில் மூட்டுத் தசைநார்கள் தளர்வதும், குனிந்தபடி பால் கொடுப்பதும், சீக்கிரமே தண்ணீர்க் குடம் தூக்க ஆரம்பிப்பதும்தான் பெரும்பாலும் காரணம். பழியை மட்டும் ஊசி சுமக்கிறது.

கவனிக்க வேண்டியது தலைவலியை. உறையில் விழுந்த துளை வழியே நீர் கசிந்தால், உட்காரும்போது தலை பிளக்கும், படுத்தால் குறையும். மெல்லிய, பென்சில் முனை ஊசிகள் வந்தபின் இது குறைந்துவிட்டது. தலையணை இல்லாமல் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் இதைத் தடுக்க முடியாது. வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரைக்கு அடங்காவிட்டால், உங்கள் ரத்தத்தையே சிறிது எடுத்து உறைக்கு வெளியே செலுத்திக் கசிவை அடைப்பார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பது, தட்டணுக்கள் குறைவு, முதுகில் கட்டி அல்லது புண், பழைய முதுகெலும்பு ஆபரேஷன் - எது இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கால் மரப்பு சில மணி நேரத்தில் விலகும். விலகாமல் நின்றாலோ, விலகிய பின் மறுபடி கால் பலமிழந்தாலோ, டியூப் எடுத்த பிறகு சிறுநீர் போகாவிட்டாலோ, காய்ச்சலுடன் முதுகு வலி கடுமையானாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.