பள்ளியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளிக்கூடச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். 2012 டிசம்பர் 14 அன்று இதே மாநிலத்தில், நியூடவுன் ஊரின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பங்களோடு இருப்பதும், சட்டமன்றக் குழு முன்னால் போய்ப் பேசுவதும் அதற்குப் பிறகு என் வேலையோடு சேர்ந்துகொண்டன. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

டெக்சாஸிலிருந்து ஒரு அம்மா: அக்கா, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பையனைப் பறிகொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு. போய் என்ன சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இன்றைக்கே போங்கள். பேச நிறைய வேண்டியதில்லை. பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைக் கேட்டால் அழுவார்களே என்று தயங்க வேண்டாம். அவர்கள் ஒரு நிமிஷமும் அவனை மறந்திருக்க மாட்டார்கள். ‘கடவுள் சித்தம்’, ‘இன்னொரு பிள்ளை இருக்கிறதே’ இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

‘என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்க’ என்பதும் பிரயோஜனமில்லை. அந்த நிலையில் யாரும் போன் போட்டுக் கேட்க மாட்டார்கள். ‘வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு நான் கொண்டு வரேன், சின்னவளை டான்ஸ் கிளாசுக்கு நான் கூட்டிப் போறேன்’ என்று நாள் சொல்லிச் செய்யுங்கள். நம் ஊரில் துக்க வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து சோறு வருமே, யாராவது கேட்டா வருகிறது? ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இங்கே முதல் பதினைந்து நாள் டப்பா டப்பாவாகக் குவிந்து பாதி குப்பைக்குப் போகும். மூன்றாம் மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் மூன்றாம் மாதத்து ஆளாக இருங்கள். பிறந்தநாளைக் குறித்து வையுங்கள். வகுப்புப் பிள்ளைகள் பட்டம் வாங்கும் வருஷத்தையும் குறித்து வையுங்கள்; சாண்டி ஹூக்கில் உயிர் தப்பிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2024 ஜூனில் உயர்நிலைப் பள்ளி முடித்தார்கள். இறந்த பிள்ளைகளின் வீடுகளில் அந்த மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. வாசலில் மைக்கோடு நிற்பவர்களிடம் அந்தக் குடும்பத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசாதீர்கள். பையன் போட்டோவை உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் போடாதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: இப்படி ஒரு செய்தி வந்தாலே ஏதாவது அனுப்பத் தோன்றுகிறது. பொம்மை, துணி?

தயவுசெய்து வேண்டாம். நியூடவுனுக்குப் பல்லாயிரக்கணக்கில் கரடி பொம்மைகள் வந்து இறங்கின. அடுக்கி வைக்கக் கிடங்கு தேட வேண்டியதாயிற்று. சின்ன ஊர், ஊரே துக்கத்தில் இருக்கிறது, தன்னார்வலர்கள் உட்கார்ந்து பார்சல் பிரிக்கிறார்கள்.

பணம் அனுப்பலாம், யாருக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டு. ஊர்ப் பெயரில் திரட்டும் நிதியில் குடும்பங்களுக்கு எவ்வளவு, பொதுப்பணிகளுக்கு எவ்வளவு என்பதில் நியூடவுனிலேயே மனக்கசப்பு வந்தது. வேறு படுகொலைகளிலும் இதே கதைதான். அந்த அனுபவத்திலிருந்துதான் வசூலாகும் தொகை முழுவதையும் பாதிக்கப்பட்டவர்கள் கையில் நேராகக் கொடுக்கும் ‘நேஷனல் கம்பாஷன் ஃபண்ட்’ போன்ற ஏற்பாடுகள் வந்தன.

நியூ ஜெர்சியிலிருந்து: 20 குழந்தைகள் செத்தும் ஒன்றும் மாறவில்லையே. பெற்றோர் போராடி என்ன பயன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கோபம் நியாயம், ‘ஒன்றும் மாறவில்லை’ என்பது சரியில்லை.

வாஷிங்டனில் தோற்றது உண்மை. கண்காட்சியிலும் இணையத்திலும் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்ற திருத்தம் 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் 54–46 என்று நின்றது. வேண்டியது 60. பெற்றோர் அங்கேயே இருந்து பார்த்தார்கள். ஆனால் அதே ஏப்ரலில், அதற்கு முன்பே, கனெக்டிகட் தன் சட்டத்தை இறுக்கிவிட்டது: 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் (துப்பாக்கியில் மாட்டும் தோட்டா உறை) விற்பனைக்குத் தடை. 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேர் இறந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அந்த மாநிலத்தில் துப்பாக்கி வாங்கும் வயது 21 ஆனது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கவும் வழி வந்தது. ஃபுளோரிடா துப்பாக்கிக்காரர்களுக்குச் செல்லமான மாநிலம், கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர். 2022 மே 24 அன்று டெக்சாஸின் உவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தபின், ஜூன் 25 அன்று கூட்டாட்சிச் சட்டம் ஒன்றும் வந்தது. 21 வயதுக்குக் கீழ் வாங்குவோருக்குக் கூடுதல் சோதனை அதில் உண்டு. போதாதுதான்.

என் கருத்து: டெலிவிஷனில் வாஷிங்டனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை விட மாநிலத் தலைநகருக்கு ஒரு நாள் போவது மேல்.

லண்டனிலிருந்து: இங்கே டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு துப்பாக்கித் தடை சீக்கிரம் வந்துவிட்டதே?

ஆம். 1996 மார்ச் 13, ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். கைத்துப்பாக்கியைத் தடை செய்யக் கேட்ட ‘ஸ்னோடிராப்’ மனுவில் சுமார் 7 லட்சம் கையெழுத்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே இரண்டு சட்டங்கள்: பிரதமர் ஜான் மேஜரின் அரசு பெரிய கைத்துப்பாக்கிகளையும், அடுத்து வந்த டோனி பிளேரின் அரசு எஞ்சிய சிறிய .22 ரகத்தையும் தடை செய்தன. ஆயுத உரிமை அங்கே அரசியல் சட்டத்தில் இல்லை என்பது பெரிய வசதி. அதற்காகப் பெற்றோரின் உழைப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. எதிர்த்தரப்பு அங்கேயும் பலமாகத்தான் இருந்தது.

ஒரு வழக்கறிஞர்: துப்பாக்கித் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட முடியாது என்று 2005 சட்டம் இருக்கும்போது, சாண்டி ஹூக்கில் பயன்பட்ட துப்பாக்கியின் தயாரிப்பாளரான ரெமிங்டன் வழக்கில் எப்படிப் பணம் கிடைத்தது?

துப்பாக்கி சுட்டது என்று வழக்குப் போட முடியாது. சாண்டி ஹூக் குடும்பங்கள் விளம்பரத்தைப் பிடித்தன. ராணுவ ரகத் துப்பாக்கியை இளைஞர்களின் ஆண்மைக்கு அடையாளம் போல விற்றது மாநிலத்தின் நியாயமற்ற வணிக முறைச் சட்டத்தை மீறுகிறது என்பது வாதம். 2022 பிப்ரவரியில் 9 குடும்பங்களுக்கு 73 மில்லியன் டாலர் என்று சமரசம். நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிடும் உரிமையையும் குடும்பங்கள் விடாமல் கேட்டு வாங்கின. எனக்கு அதுதான் பணத்தை விடப் பெரிய வெற்றியாகப் படுகிறது.

வாட்ஸப்பில் வந்தது: சாண்டி ஹூக்கே நாடகம் என்கிறார்களே?

அப்படிச் சொல்லியே சம்பாதித்த இணைய நிகழ்ச்சிக்காரர் அலெக்ஸ் ஜோன்ஸ் 965 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் கனெக்டிகட் ஜூரி தீர்ப்பளித்தது. அவர் பேச்சை நம்பியவர்கள் பெற்றோருக்குக் கொலை மிரட்டல் விட்டார்கள். வீடு மாறி மாறி ஓடியவர்கள் உண்டு. அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து: நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம். ஓட்டு இல்லை. எங்களால் என்ன முடியும்?

நிறைய. பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச ஓட்டுரிமை வேண்டாம், மாநிலச் சட்டமன்றக் குழு முன் சாட்சியம் சொல்லவும் வேண்டாம். வேட்பாளருக்குப் பணம் மட்டும் கொடுக்காதீர்கள். விசாவில் இருப்பவருக்கு அது சட்டப்படி தடை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வேலை இருக்கிறது. சாண்டி ஹூக்கில் சுட்டவன் எடுத்துப் போனது அம்மா சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்த துப்பாக்கிகள். 2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற பையனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தது அப்பா. அம்மா அப்பா இருவரும் 2024இல் குறைந்தது பத்தாண்டுச் சிறைக்குப் போனார்கள். ஆகவே உங்கள் பிள்ளை விளையாடப் போகும் வீட்டில், ‘உங்க வீட்டில் துப்பாக்கி இருக்கா, பூட்டி வெச்சிருக்கீங்களா?’ என்று கேளுங்கள். வேர்க்கடலை அலர்ஜியைச் சொல்லும்போது கூடவே கேட்டுவிட்டால் சங்கடம் தெரியாது.

ஒரு அப்பா: என் மகள் உயிர் தப்பினாள், தோழி போய்விட்டாள். வருஷம் ஒன்றாகிறது, ‘நான் ஏன் பிழைத்தேன்’ என்கிறாள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2019 மார்ச்சில் பார்க்லேண்டில் உயிர் தப்பிய இருவரும் சாண்டி ஹூக்கில் மகளை இழந்த தகப்பன் ஒருவரும் சில நாள் இடைவெளியில் தற்கொலை செய்துகொண்டார்கள். வருஷம் போனால் ஆறிவிடும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவளிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அதிர்ச்சி அனுபவங்களுக்குச் சிகிச்சை தருவதில் பயிற்சி பெற்றவரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்பவர் அவளாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.