வேலி மேய்ந்த கதை

கேள்வி: ஆல்ப்ஸ் மலைநாடான டிரோலை 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட பிரபு இரண்டாம் மைன்ஹார்டை ‘நாட்டை உருவாக்கியவர்’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பிஷப்புகளின் நிலத்தைப் பறித்துத் திருச்சபையால் விலக்கி வைக்கப்பட்டவருக்கு இந்தப் பட்டம் எதற்கு?

பதில்: பறித்தார்தான். யார் இல்லை என்றார்கள்? டிரென்ட், பிரிக்ஸன் பிஷப்புகள் பேரரசர் கொடுத்த நிலத்தை ஆண்ட சிற்றரசர்களும்கூட. பாதிரியார் கையால் மரண தண்டனை விதிக்க முடியாது. அதற்கும் படைக்காவலுக்கும் ‘ஃபோக்ட்’ என்று ஒரு பிரபுவை அமர்த்துவார்கள். இங்கே அந்தக் காவல் வேலை டிரோல் குடும்பத்திடம் இருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது. 1277இல் டிரென்ட் பிஷப்புக்கு உரிய போல்சானோ நகரின் மதிலையே மைன்ஹார்ட் இடித்துத் தள்ளினார். விலக்கத்தைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். அந்தக் காலத்தில் கடன் பாக்கிக்குக்கூட அதைப் போட்டார்கள்.

அக்கம்பக்கத்துப் பிரபுக்களும் இதையேதான் செய்தார்கள். பிடித்த நிலத்தை வீரனுக்கு மானியமாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். இரண்டு தலைமுறை போனால் வீரனின் பேரன் அதைத் தன் சொத்து என்பான். பிரபு மறுபடி வாளைத் தூக்க வேண்டும். மைன்ஹார்ட் அந்தத் தப்பைச் செய்யவில்லை. நொடித்துப்போன பிரபுக்களின் சொத்துகளை விலைக்கு வாங்கினார். நாட்டை நீதி வட்டங்களாகப் பிரித்து, வேண்டாதபோது நீக்கக்கூடிய அதிகாரிகளை வைத்தார். தானியம், ஒயின், பாலாடைக்கட்டி, சுங்கம் என்று வந்ததற்கெல்லாம் அவர்கள் கணக்கு ஒப்பிக்க வேண்டும். 1288 முதலான அந்தக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. குடியானவருக்குக் கிடைத்தது பரம்பரைக் குத்தகை: தொகை ஏறாது, மகனுக்குப் போகும். கூடுதல் விளைச்சல் தனக்கே என்றால் எவன் காட்டைத் திருத்த மாட்டான்?

இன்னொன்று நாணயம். பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போன வணிகர்கள் வெரோனாவின் சில்லறைக் காசுகளை மூட்டை கட்டிச் சுமந்தார்கள். 1271 வாக்கில் மைன்ஹார்டின் மெரான் நகர அக்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்) 20 காசு மதிப்புள்ள வெள்ளி நாணயத்தை அடித்தது. அன்றைய பண அலகுகளில் 12 நாணயம் ஒரு பவுண்டு, 120 ஒரு மார்க், கணக்கு சுலபம். அதிலிருந்த சிலுவைக் குறியால் ‘குரோய்ட்சர்’ என்று பெயர் வந்தது. 1892இல் ஆஸ்திரியா நாணய முறையை மாற்றும்வரை அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது.

பிஷப்புகள்மேல் அவருக்கு அன்பு இல்லாததற்கும் காரணம் உண்டு. 1252இல் கிரைஃபன்பர்க் போரில் தாத்தா தோற்றுப் பிடிபட, சிறுவன் மைன்ஹார்ட் 1259 வரை சால்ஸ்பர்க் பேராயரின் ஹோகன்வெர்ஃபன் கோட்டையில் பிணைக்கைதி. 1295இல் அவர் உயிர் போனதும் அதே கிரைஃபன்பர்கில்தான்.

குறை சொல்ல வேண்டுமானால் வாரிசுகளைச் சொல்லுங்கள். 1286இல் மைன்ஹார்ட் பெற்ற பக்கத்துச் சிற்றரசான கரிந்தியா, கடைசி மகன் ஹைன்ரிக் 1335இல் இறந்ததும் கையை விட்டுப் போனது. போகிமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அரசர் என்ற பட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கடனில் கிடந்தவர் ஹைன்ரிக். டிரோல் மட்டும் சிதறவில்லை. 1363இல் மைன்ஹார்டின் பேத்தி மார்கரெட் அதை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்திடம் ஒப்படைத்தபோது ஒரே நாடாகத்தான் கை மாறியது.